மூன்று சக்கரச் சிறுதேர்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்து நண்பருக்கு நான் அனுப்பிய ஒரு புகைப்படம் ஒரு சிறிய சண்டைக்குக் காரணமாயிற்று. படத்தில் இருந்தவர்கள் என் ஆறு வயது மகனும் அடுத்த வீட்டு நான்கு வயதுச் சிறுமியும். இருவர் கழுத்திலும் தகரப் பதக்கம், கையில் பாதி தின்ற வாழைப்பழம். பின்னணியில் ராணுவ உடையில் சிலர் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓட்டம் ஒன்றின் முடிவில் எடுத்தது. நண்பர் குழந்தைகளைப் பார்க்கவில்லை, பின்னணியைத்தான் பார்த்தார். ஈராக்கையும் ஆப்கானிஸ்தானையும் சுட்டெரித்த ஒரு படையின் திருவிழாவுக்குப் பிள்ளையை அழைத்துப்போய் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களே, இலக்கியம் படித்து என்ன பயன் என்று ஒரு நீண்ட மடல் எழுதினார். அவருடைய கேள்வி நியாயமானது. அதனால்தான் மறுமடல் எழுதாமல் இதை எழுதுகிறேன். ஒரு மடலுக்குள் அடங்காது என்று தோன்றுகிறது.

நான் வசிப்பது வாஷிங்டன் மாநிலத்தில், டக்கோமா நகருக்குத் தெற்கே. லூயிஸ்-மெக்கார்டு கூட்டுப் படைத்தளம் எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தொலைவு. தரைப்படையின் லூயிஸ் கோட்டையும் விமானப்படையின் மெக்கார்டு தளமும் 2010இல் ஒன்றாக இணைக்கப்பட்டு உருவானது. இந்தப் பக்கத்தில் வீடு பார்த்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேராவது படைவீரராக இருப்பார்கள். எங்கள் வலப்பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சார்ஜென்ட், அவர் மனைவி பள்ளி நூலகத்தில் பகுதி நேர ஊழியர். ஒரே மகள். அந்தக் குடும்பத்தின் வினோதப் பழக்கம் என்னவென்றால், மாதத்துக்கு ஒன்றாவது ‘ஃபன் ரன்’ ஓடிவிடுவது. (கேளிக்கை ஓட்டம் என்று தமிழாக்கினால் கேளிக்கை வரிதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அப்படியே விட்டுவிடுகிறேன்.) வென்றவர் யார் என்று யாரும் கேட்காத, பாதிப்பேர் நடந்தே கடக்கும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் அது. நவம்பரில் நன்றியறிதல் நாளன்று வான்கோழி ஓட்டம். அந்த வழக்கம் பஃபலோ நகரில் 1896இல் தொடங்கியது என்கிறார்கள். கோடையில் வண்ணப்பொடி ஓட்டம். நம் ஹோலியைப் பார்த்து 2012இல் இங்கே தொடங்கிய வணிகம். படைத்தளத்தின் குடும்ப ஓட்டங்கள் தனி. முதல் முறை என்னை இழுத்துப்போனபோது முழங்காலில் வலி என்று பொய் சொல்லிப் பார்த்தேன். நடக்கலாமே என்றார் அந்தப் பெண். நடந்தேன்.

சார்ஜென்ட் ஓடுவது தனியாக அல்ல. மூன்று பெரிய சக்கரங்கள் கொண்ட தள்ளுவண்டியில் மகளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவார். இந்த வண்டிக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. இதே வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவில், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஓடப்போக மனமில்லாத ஒரு தந்தை, பழைய தள்ளுவண்டியில் மிதிவண்டிச் சக்கரங்களை மாட்டிப் பார்த்ததில் 1984இல் பிறந்தது அது. அமெரிக்கா ஓடத் தொடங்கிய கதையிலும் ராணுவத்துக்குப் பங்குண்டு. ‘ஏரோபிக்ஸ்’ என்ற சொல்லை உலகெங்கும் பரப்பிய நூலை 1968இல் எழுதிய கென்னத் கூப்பர் விமானப்படை மருத்துவர். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று அளக்கும் அவருடைய சோதனை வீரர்களுக்காக வகுக்கப்பட்டது. படைவீரனுக்கு ஓட்டம் என்பது கடமை. தரைப்படை உடற்தேர்வின் பெயரும் அளவுகோல்களும் எத்தனையோ முறை மாறின, இரண்டு மைல் ஓட்டம் மட்டும் மாறவில்லை. அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன் விடுமுறையில் கணக்கு எழுதுவதில்லை. இவர் மட்டும் ஏன் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறார் என்று நான் வியந்ததுண்டு.

விடை அவர்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் இருந்தது. அதில் ஊதா வட்டங்கள் ஓட்டங்கள், பச்சை வட்டங்கள் வெளியூர்ப் பயணங்கள்: மிருகக்காட்சிசாலை, பூசணித் தோட்டம், ரெய்னியர் மலை. ஒரு குறிப்பிட்ட மாதத்தின் குறிப்பிட்ட நாளில் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. அதற்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு எந்த வட்டமும் இல்லை. கொரியாவுக்குச் சுழற்சிப் பணி. இந்தத் தளத்தின் ஸ்ட்ரைக்கர் படையணிகள் 2022 முதல் முறைவைத்து அங்கே போய்வருகின்றன. உயிருக்கு ஆபத்தான பணி அல்ல என்பதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒன்பது மாதம் என்பது அதன் நினைவுக்கு எட்டிய வாழ்வில் சரிபாதி. சிவப்புக் கோட்டுக்கு முன்னால் எத்தனை வட்டங்களை இட முடியுமோ அத்தனையையும் இட்டுவிட வேண்டும் என்பதே அந்தக் குடும்பத்தின் பொருளாதாரம். நாம் பணத்தைச் சேமிப்பதுபோல அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் சேமிக்கிறார்கள்.

இவர்களுக்கு முந்தைய தலைமுறையின் கணக்கு இன்னும் கொடிது. ஈராக் போர் உச்சத்தில் இருந்த 2007 ஏப்ரலில், தரைப்படை வீரர்களின் பணிக்காலம் பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினைந்து மாதமாக நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கும் அது பொருந்தியது. பதினைந்து மாதம் என்றால் ஒரு குழந்தையின் இரண்டு பிறந்தநாட்களைத் தவறவிடலாம். 1973இல் கட்டாய ராணுவச் சேவை ஒழிந்தபின், நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களே முழுநேரப் படையில் இருக்கும் நாட்டில், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வீடுகள் மிகச் சில. மற்றவர்கள் விமான நிலையத்தில் வீரரைக் கண்டால் உங்கள் சேவைக்கு நன்றி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் அதைச் சொன்னதில்லை. சொல்லாததற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2006இல் மெய்ன் மாநிலத் தேசியக் காவற்படை ஒரு வினோதமான பொருளை வீரர்களின் குடும்பங்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. போர்முனைக்குப் போன தகப்பனின் இடுப்பளவுப் புகைப்படம், ஆளுயரக் கணக்கில், அட்டையில் ஒட்டியது. ‘தட்டை அப்பா’ என்று அதற்குப் பெயர். குழந்தைகள் அந்த அட்டையைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தார்கள், காரில் இருக்கைப் பட்டி போட்டு வெளியே அழைத்துப்போனார்கள். கேலிக்குரியதாகத் தோன்றலாம். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. நடுகல்லுக்கு நீராட்டி, நெய்விளக்கு ஏற்றிய மரபில் வந்தவன் அட்டையைப் பார்த்துச் சிரிப்பது பொருத்தமில்லை என்று பிறகு பட்டது. ஒரேயொரு வேறுபாடு: நடுகல் இறந்தவனுக்கு; இது இருக்கிறவனுக்கு. அதே 2006இல்தான் ‘செசமி ஸ்ட்ரீட்’ தயாரிப்பாளர்கள் படைக்குடும்பங்களுக்கென ஒரு காணொளித் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் எல்மோவின் அப்பா நெடுநாள் வெளியூர் போகிறார். 2008இல் வந்த அடுத்த பகுதியில் ரொசிட்டாவின் அப்பா சக்கர நாற்காலியில் திரும்பி வருகிறார். ஒரு நாடு தன் பொம்மைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

நண்பரின் வாதத்தை நான் எளிதாகக் கடந்துவிட விரும்பவில்லை. இந்த விழாக்களில் குழந்தைகளைக் கவர்வதற்கான அம்சங்கள் வெகுளித்தனமானவை அல்ல. வேறோர் ஊரில் ஒரு தளத்தின் திறந்த நாளில், ஓட்டம் முடிந்ததும் கவச வண்டியின்மேல் ஏறிப் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். முகத்தில் பச்சையும் பழுப்பும் பூசிவிட ஒரு மேசை. என் மகனும் வரிசையில் போய் நின்றான். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன், அழுதான். அடுத்த வீட்டுச் சிறுமியும் ஏறவில்லை. அவளுக்கு அதில் ஆர்வமில்லை, அது அப்பாவின் ஆபீஸ் வண்டி. தலைநகரில் 1985 முதல் நடக்கும் தரைப்படையின் பத்து மைல் ஓட்டம் போன்ற பெரிய ஓட்டங்களுக்குப் படைக்கல ஒப்பந்த நிறுவனங்கள் புரவலர்களாக இருக்கின்றன. குழந்தையின் பனியன் முதுகில் ஏவுகணை செய்கிறவனின் இலச்சினை இருக்கிறது என்று நண்பர் எழுதினால் அது மிகையல்ல. அதை நான் மறுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் இரு குடும்பங்களும் ஒருநாள் நிஸ்குவாலி வனவிலங்குக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். கடலும் ஆறும் கலக்கும் சதுப்பு நிலத்தின்மேல் நீண்ட மரப்பாலம், வாத்துகள், நாரைகள், தூரத்தில் பனிமலை. குழந்தைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று அடிவயிற்றை அதிரவைக்கும் ஒலி, மறுபடியும் ஒன்று. தளத்தில் பீரங்கிப் பயிற்சி. என் மகன் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாத்துகளும் பார்க்கவில்லை. அவளுடைய அந்த அசையாமையைப் பார்த்து எனக்கு ஏற்பட்டது அச்சமா வருத்தமா என்று இன்றும் பிரித்தறிய முடியவில்லை. அன்று எங்களுடன் வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் பாலத்தின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டார். பிறகு, பத்து வயதில் தானும் இந்த ஒலிக்குத் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்ததாகச் சொன்னார். காரணம் மட்டும் வேறு என்றார். நண்பரின் மடல் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் இவர்தான். ஷெல் விழும் பக்கத்துக் குழந்தைக்கு யார் ஃபன் ரன் நடத்தினார்கள் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவர் கேட்கவில்லை. திரும்பும் வழியில் சார்ஜென்டின் மகளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு வந்தார்.

நண்பர் தம் மடலில் புறநானூற்றையும் துணைக்கு அழைத்திருந்தார். ஒக்கூர் மாசாத்தியார் பாடலைத்தான், வேறெதை? முந்தைய நாட்களில் தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பெண், மீண்டும் பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவிக் குடுமி சீவி, வெள்ளாடை உடுத்தி, வேலைக் கையில் கொடுத்துக் களம் நோக்கி அனுப்பும் பாடல். நம் மேடைகளில் ஒரு நூற்றாண்டாக முழங்குவதும், பின்னர் எதிர்க்குரலாளர்கள் அதே பாடலை நடுக்கத்தோடு படித்துக் காட்டுவதும் நாம் அறிந்தவையே. நண்பர் இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவர், நானும்தான். ஆனால் படைவீரன் வீடு என்றதும் நமக்கு இந்த ஒரு பாடல் மட்டுமே நினைவுக்கு வருவது நம் வாசிப்பின் குறை என்பேன். நாம் புறத்தில் தேடுகிறோம். வீடு இருப்பது அகத்தில்.

ஐங்குறுநூற்றின் ஐந்தாம் நூறு முல்லை, பாடியவர் பேயனார். முல்லை என்றாலே இருத்தல், காத்திருத்தல், கார்காலத்துக்கு முன் திரும்பிவிடுவதாகச் சொல்லிப்போன தலைவன் என்று பாடநூல் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. முல்லைப்பாட்டின் 103 அடிகளும் அதை உறுதிசெய்கின்றன: அங்கே பாசறையில் உறங்காத அரசன், இங்கே மாளிகையில் உறங்காத அரசி. குழந்தை அதில் இல்லை. ஆனால் பேயனாரின் நூறு எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் பத்து செவிலி கூற்றுப் பத்து. மணமாகிப் போன பெண்ணின் இல்லத்துக்குச் சென்றுவந்த செவிலி, நற்றாயிடம் தான் கண்டதைச் சொல்கிறாள். முதல் பாட்டிலேயே குழந்தை நடுவில் கிடக்கிறது, இருபுறமும் தாயும் தந்தையும், குட்டியை நடுவில் விட்டுக் கிடக்கும் மான்களைப்போல. இன்னொன்றில் தகப்பன், தளர்நடையில் பொம்மைத் தேரை உருட்டிவரும் மகனைப் பார்த்து மனம் நிறைகிறான். மற்றொன்றில் தந்தை மகனை அணைத்திருக்க, தாய் அவ்விருவரையும் சேர்த்து அணைத்திருக்கிறாள். இவ்வளவும் சொன்ன பிறகுதான் நூறு மேலே நகர்கிறது. பாசறைப் பத்து 441இல்தான் வருகிறது. தேரை விரைந்து செலுத்தச் சொல்லும் பத்து 481இல். வரவுச் சிறப்பு கடைசிப் பத்து.

தொகுத்தவர் கூடலூர் கிழார். இந்த வரிசை அவர் செய்ததா பேயனாரே வைத்ததா என்று நான் வாதிட வரவில்லை. என் கவனமெல்லாம் முன்வைப்பில். பாசறைக்கு நாற்பது பாடல்களுக்கு முன்னரே குழந்தையை நடுவில் கிடத்திவிட்டார்கள். போர்த்தேரை ஓட்டுவதற்கு முன்னரே பொம்மைத் தேரை உருட்டிவிட்டார்கள். பிரிவின் கனம் தெரிய வேண்டுமானால், பிரிந்தது எதை என்று முதலில் காட்டியாக வேண்டும் அல்லவா? செவிலி கூற்றுப் பத்தைப் பலரும் சுவையற்ற இல்லறப் புகழ்ச்சி என்று புரட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானே அப்படிப் புரட்டியவன்தான். மழைத்தூறலில் மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு சார்ஜென்டைப் பக்கவாட்டில் பார்த்தபோதுதான், அந்தத் தகப்பன் எதற்காகப் பொம்மைத் தேரை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று எனக்குப் பிடிபட்டது. அவனுக்கும் ஒரு நாட்காட்டி இருந்திருக்கும்.

என் சொந்த ஊரில், பட்டாளத்து மாமா என்று நாங்கள் அழைத்த ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை இரும்புப் பெட்டியோடு வந்து இறங்குவார். அவர் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். பழகி, மடியில் உட்காரத் தொடங்கும்போது விடுப்பு முடிந்திருக்கும். அவர் பிள்ளைகளோடு எங்கும் போனதாக நினைவில்லை. விடுப்பில் வந்தவருக்குக் கூரை மாற்றவும் கடன் அடைக்கவும் பங்காளிச் சண்டை தீர்க்கவுமே நாள் போதாது. 1988இல் அவர் இலங்கையில் இருந்தார். அதைப்பற்றி ஒருபோதும் பேசியதில்லை. அந்தப் பிள்ளைகளில் மூத்தவன் இன்று என்னிடம் சொல்வது, அப்பாவைப்பற்றித் தனக்கு இருக்கும் நினைவு முழுக்க அந்தப் பெட்டியின் வாசனைதான் என்று. அவர் எங்கே என்ன செய்தார் என்ற கேள்வியை அவர் மகன் கேட்க வேண்டுமானால், அதற்கு முன் அவரை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரிடம் எதைக் கேட்பது?

நண்பருடன் நான் வேறுபடும் புள்ளி இதுதான். இந்த ஓட்டங்கள் படையைக் குழந்தைக்கு இனிப்பாக்கித் தருகின்றன என்கிறார் அவர். ஓரளவு உண்மை. ஆனால் படையின் பெயரால் நிகழ்ந்தவற்றை மறைப்பதற்கு ஓட்டம் தேவையில்லை, தூரமே போதும். அமெரிக்கப் பெருநகரங்களில் ஒரு வீரனையும் நேரில் அறியாதவர்கள் வாழும் தெருக்களில்தான் போர் மிக எளிதாக மறக்கப்பட்டது. இங்கே, டூபான்ட் என்ற சிற்றூரில், சனிக்கிழமைக் காலைகளில் நீலச் சட்டை அணிந்து ஓடும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2009இல் கணவரை இழந்த ஒரு பெண்ணும் தோழியரும் ஓடத் தொடங்கியதில் முளைத்து, 2010இல் அமைப்பானது. ஓடுவதற்கு முன் வட்டமாக நிற்கிறார்கள். யாரை நினைத்து ஓடுகிறார்களோ அவர் பெயரை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்கிறார்கள். பெயர், அவ்வளவுதான். சொற்பொழிவு கிடையாது. தலைநகரில் மரைன் படையினர் 1976 முதல் நடத்திவரும் மராத்தானில் இந்த அமைப்பு ஒரு மைல் தூரத்தை ஏற்று, சாலையோரம் இறந்தவர்களின் புகைப்படங்களை வரிசையாக நட்டுவைக்கிறது. சத்தமாக ஓடிவருகிறவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று ஓடிய நண்பர்கள் சொல்கிறார்கள். அந்தப் படங்களில் பல இருபது வயதுக்காரர்களுடையவை. நான் டூபான்டில் ஒருமுறை அந்த வட்டத்தில் நின்றேன். என் முறை வந்தபோது சொல்ல என்னிடம் அமெரிக்கப் பெயர் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பரின் தமையன் பெயரைச் சொன்னேன். யாரும் அது யார் என்று கேட்கவில்லை. அடுத்தவர் அடுத்த பெயரைச் சொன்னார்.

கவச வண்டியின்மேல் என் மகனை இனியும் ஏறவிடப் போவதில்லை. இலச்சினை பொறித்த பனியனையும் வீட்டில் தரை துடைக்கத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அடுத்த ஓட்டத்துக்கும் போவேன், நண்பர் மன்னிப்பாராக.

சிவப்புக் கோடு வந்துபோய் ஏழு வாரமாகிறது. சார்ஜென்ட் கொரியாவில் இருக்கிறார். வண்டி இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில். அவர்கள் கொட்டகையில் இடமில்லை என்று அந்தப் பெண் கொண்டுவந்து வைத்தார், இடம் நிறையவே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சென்ற ஞாயிறு, போகும்போதே சிறுமி வண்டியில் உட்கார மறுத்துவிட்டாள். தான் தள்ளிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். கைப்பிடி அவள் தலைக்குமேலே இருந்தது. அச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். உள்ளே ஒரு துணிக்கரடி, இருக்கைப் பட்டி போட்டு. அரை மைலில் எல்லாரும் எங்களைக் கடந்து போய்விட்டார்கள். அங்கே தளத்துக்குள்ளும் அதே நாளில் அவர் ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறார், நேரம் இரவு. எங்களுக்கு இரண்டு மணி நேரம் பதினொரு நிமிடம் ஆயிற்று.